மூன்றாவது ரசீது

படிவத்தில் இரண்டு வரிகள்தான் இருந்தன.

ஜன்னல் வெயில் சொம்புத் தண்ணீரில் விழுந்து, அங்கிருந்து கூரைக்குப் போயிருந்தது. கூரையில் ஒரு வெளிச்சம் மெல்ல அசைந்துகொண்டிருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுதும்மா" என்றார் அப்பா.

அப்பாவின் கையெழுத்து அவருக்கே புரியாது. அதனால் ஒவ்வொரு பிப்ரவரியிலும் அவருடைய வருமான வரிப் படிவத்தை அவள்தான் நிரப்புகிறாள். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளின் பெயர். படிப்பு. கட்டிய கட்டணம். அதைக் காட்டினால் வரி கொஞ்சம் குறையும்.

ஒருவர் இரண்டு பிள்ளைகளுக்குத்தான் காட்டலாம். அது சட்டம்.

அவர்கள் மூன்று பேர்.

முதல் வரியில் அண்ணன் இளம்பரிதி. பொறியியல், மூன்றாம் ஆண்டு.

இரண்டாவது வரியில் அக்கா கயல். பொறியியல், மூன்றாம் ஆண்டு.

இருவரும் இரட்டையர். பிறந்ததிலிருந்தே ஜோடி.

அவளுடைய ரசீது ரெக்கார்டு நோட்டுக்குள் இருந்தது. அரசு கலைக் கல்லூரி, இயற்பியல், இரண்டாம் ஆண்டு. போன வருடமும் அதைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். "இது வேணாம்மா, பத்திரமா வச்சுக்கோ" என்று அப்பா திருப்பிக் கொடுத்தார். அன்பாகத்தான் கொடுத்தார்.

இந்த வருடம் அவள் அதை வெளியே எடுக்கவில்லை.

அடுத்த வருடத்தோடு மூன்று பேரும் படிப்பை முடித்துவிடுவார்கள். அந்தப் படிவத்தில் அவள் பெயர் ஒருபோதும் வரப்போவதில்லை. அவள் கையெழுத்து மட்டும் இருக்கும்.

அக்கா கட்டிலில் படுத்தபடி நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள்.

"நீ ஃப்ரீ பாஸ்டி. கணக்குலயே வரமாட்ட."

அவளும் சிரித்தாள்.

கூரை வெளிச்சம் இரண்டாகப் பிரிந்து, மறுபடி ஒன்றாகியது.

அணுவுக்குள் ஓர் இடத்தில் இரண்டு எலக்ட்ரான்கள்தான் இருக்க முடியும். மூன்றாவது வந்தால் அதை யாரும் விரட்டுவதில்லை. அங்கே இடம் இல்லை, அவ்வளவுதான். அது ஒரு படி தள்ளிப் போய் நிற்கும். அணுக்கருவிலிருந்து கொஞ்சம் தூரத்தில்.

மூன்று எலக்ட்ரான் உள்ள லித்தியம் அப்படித்தான் இருக்கிறது.

ஆய்வகத்தில் ஒருநாள் அதைத் தீயில் காட்டினார்கள். சுடர் சட்டென்று சிவந்தது. அப்படியொரு சிவப்பை அவள் பார்த்ததே இல்லை. தள்ளி நிற்கும் அந்த மூன்றாவது எலக்ட்ரானின் வேலை அது.

"கூட்டிப் பாத்தியா?" என்றார் அப்பா.

பார்த்துவிட்டாள். சரியாக இருந்தது.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டே அடுப்படியிலிருந்து வந்தாள். கொடியில் தொங்கிய பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தாள். மேசையில் வைத்து, மடிப்பை விரல் நுனியால் நீவினாள்.

அதே படிவம்.

அம்மா பக்கத்து ஊர் நூலகத்தில் பதினோரு வருடமாகத் தற்காலிக வேலை பார்த்தாள். போன சித்திரையில்தான் நிரந்தரம் ஆக்கினார்கள். இது அவளுக்கு வந்த முதல் படிவம்.

அப்பா எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"உனக்கு எதுக்கு இது? உன் சம்பளத்துக்கு வரியே வராது. கையெழுத்த மட்டும் போட்டுக் குடு, போதும்."

"தெரியும்" என்றாள் அம்மா.

அம்மாவே பேனாவைத் திறந்து, படிவத்தைத் தன் பக்கம் இழுத்தாள்.

"நான் எழுதித் தரவாம்மா?"

"வேணாம். இத நானே எழுதறேன்."

பிறகு, தலையை நிமிர்த்தாமலே, இடது கையை நீட்டினாள்.

"உன் ரசீது எங்க?"

ரெக்கார்டு நோட்டைத் திறக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அம்மா புத்தகங்களின் முதுகில் எண் எழுதுகிற மாதிரி எழுதினாள். நிமிர்ந்த எழுத்துகள். ஒன்றை ஒன்று தொடாமல். முதல் வரியில் அவள் பெயர். இயற்பியல், இரண்டாம் ஆண்டு. ஆயிரத்துச் சொச்சம் ரூபாயை எண்ணால் எழுதினாள். படிவம் கேட்காவிட்டாலும் எழுத்தாலும் எழுதினாள்.

இரண்டாவது வரி வெறுமையாக இருந்தது.

அக்கா நகத்தில் ஊதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"அதுல ஒரு கோடு போட்டு விட்ரு" என்றார் அப்பா. "காலியா இருந்தா திருப்பி அனுப்பிடுவாங்க."

அம்மா பேனாவை மூடினாள்.

"அனுப்பட்டும். இதுலயாவது அவ கொஞ்சம் காத்தோட்டமா இருக்கட்டும்."

ரசீதின் பின்பக்கம் பசை தடவினாள். நகல் எடுக்கவில்லை. அசலையே படிவத்தோடு ஒட்டி, மேலே உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். காய்கிற வரை கையை எடுக்கவில்லை.

பார்த்துக்கொண்டிருந்த மகளுக்குத் தாகமாக இருந்தது.

சொம்பைத் தூக்கினாள். கூரையிலிருந்த வெளிச்சம் எழுந்து, அறையை ஒரு சுற்றுச் சுற்றியது.