சரிபார்த்தவர்

கழுத்துக் கட்டியில் ஊசி போட்டு எடுத்த செல்களைப் பார்த்து, புற்றா இல்லையா என்று இயந்திரமே சொல்லிவிடும். அந்தத் தீர்ப்புக்குக் கீழே ஒரு மனிதப் பெயர் வேண்டுமே, அதற்காகத்தான் இசக்கிக்கு வேலை. ஒரு முடிவுக்கு இருபது நொடி. மாதத்தில் மூன்று முறை மறுக்கலாம். அதற்குமேல் அவள் சும்மா இருந்தாலும் சம்மதம்தான்.

இந்த மாதத்து மூன்றையும் முகம் தெரியாத மூன்று பேருக்குக் கொடுத்துவிட்டாள்.

இருபத்தெட்டாம் தேதி மத்தியானம் திரையில் வந்தது, காலையில் அம்மாவின் பரிசோதனைச் சீட்டில் அவள் பார்த்த எண். ‘குற்றமில்லை’ என்றது இயந்திரம். செல்களின் கருக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன, நடுவில் கீறல் விழுந்து. புற்றின் சாடை. கண்ணைக் கெடுத்துக்கொண்டு அவள் படித்த படிப்பே இதுதான். மறுப்பை அழுத்தினாள். ‘மீதம் இல்லை.’ மேஜையை ஓங்கிக் குத்தினாள்.

“அதுக்கு வலிக்காதுக்கா, ஒங்க கைதான் வீங்கும்,” என்றாள் பக்கத்து இருக்கை ஜெபக்கனி, திரும்பாமலே.

இருபது நொடி முடிந்தது. கால் மணி நேரத்தில் போன் அடித்தது.

“ஏட்டி, ஒண்ணும் இல்லையாம்! இனி ரெண்டு வருசத்துக்கு ஊசியே போட மாட்டாவளாம்.”

“அம்மா, அது தப்பும்மா. திரும்பப் போய் ஊசி போடச் சொல்லு.”

“போட்டி கிறுக்கி! கீழ ஒம் பேருல்லா போட்டிருக்கு. நானே எழுத்துக் கூட்டிப் படிச்சேன்.”