ஏழுக்கு முன்னால் ஒரு சுழியம்

மருத்துவமனைக் கணினி அறையின் வெள்ளை விளக்கு, நிரல் எழுதுகிறவளின் முகத்தில் அப்படியே விழுகிறது. நோயாளிக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் வருடம், அதற்குள் ரிப்போர்ட் என்று சி மொழியில் உருவாக்க வேண்டும். வெளி ஃபோல்டர் பிறக்கிறது. உள்ளே அடுத்ததை வைக்கப் போனால் அனுமதி இல்லை என்கிறது திரை. நாற்காலிக்குப் பின்னால் மேலாளரின் பேனா டிக், டிக்கென்று அடிக்கிறது. "ஏம்மா, எல்லாருக்கும் முழுசா திறந்து விட்டுடேன், வேலை முடிஞ்சுது. டாக்டருங்க காத்துட்டிருக்காங்க." "டாக்டருங்க புரோகிராம் வழியாப் பார்ப்பாங்க. ஒருத்தரோட வியாதியை ஊரே படிக்கவா? மாட்டேன் சார்." "அப்ப வேற ஆளைப் போடவா?" "போடுங்க. அவர் வர்ற வரைக்கும் இதுல நான் சொல்றதுதான்." அவள் விரல் வரி வரியாக இறங்கி அனுமதி எண்ணில் நிற்கிறது. 700: உருவாக்கியவருக்கு மட்டும் திறக்கிற எண். முன்னால் சுழியம் போட மறந்திருக்கிறாள். அதனால் சி அதை எட்டின் கணக்கில் படிக்காமல் பத்தின் கணக்கில் எடுத்துக்கொண்டு, உருவாக்கியவளையே வாசலில் நிறுத்தியிருக்கிறது. தலையில் அடித்துக்கொண்டு சுழியத்தைத் தட்டுகிறாள், பழைய ஃபோல்டரை அழித்துவிட்டு மறுபடி ஓட்டுகிறாள். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்றும் வந்து உட்காருகின்றன. மேலாளர் தன் மடிக்கணினியிலிருந்து திறக்கப் பார்க்கிறார். "எனக்கே திறக்கலையே!" அவள் திரும்பாமலே கேட்கிறாள்: "உங்களுக்கு எதுக்கு சார் திறக்கணும்? நீங்க என்ன டாக்டரா?"