ஏழாவது வண்டி

காற்று அடங்குவதற்குள் மலையடித் தடுப்புக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டுமே என்ற தவிப்பு ஓட்வாருக்கு. மதியத்துக்குள் அடங்கிவிடும் என்று வானொலியில் சொல்லியிருந்தார்கள்.

தடுப்பில் ஆறு வண்டிகள் நின்றன. இப்படிப்பட்ட நாளில் ஹார்டங்கர் மலைச்சாலையில் யாரையும் தனியே ஏற விடமாட்டார்கள். பனி தள்ளும் லாரி முன்னே போக, மற்றவர்கள் வரிசையாக அதன் பின்னே போக வேண்டும்.

தடுப்பில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த துரீட் அவர் வண்டியின் கண்ணாடியைத் தட்டினாள். "சின்ன வண்டியா இருக்கே ஐயா, காத்து தூக்கிடும். சாயங்காலம் ரோட்டையே திறந்துடுவாங்க. அப்ப நிம்மதியா போலாமே."

"இல்லம்மா, இப்பவே போகணும். மலைக்கு அந்தப் பக்கம், யெய்லோவுல மக இருக்கா."

"நீங்க வர்றது அவங்களுக்குத் தெரியுமா?"

அவர் பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியைச் சரிசெய்தார்.

"சரி, விடமாட்டீங்க போல. டேங்க் நிறைய இருக்கா? மண்வெட்டி? கம்பளி? சூடா குடிக்க ஏதாவது?"

ஒவ்வொன்றுக்கும் அவர் நிதானமாகப் பதில் சொன்னார்.

"நீங்க ஏழாவது. முன்னால போற சிவப்பு விளக்கை விட்டுடாதீங்க. அது மறைஞ்சா நில்லுங்க, இறங்கிடாதீங்க. இங்க ஏழு ஏறினா அந்தப் பக்கம் ஏழும் இறங்கணும். ஒண்ணு குறைஞ்சாலும் தேடுவோம்."

"தேடுவீங்களா?"

"பின்னே, விட்டுட்டா போவோம்?"

மலைமேல் வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. முன்னால் இரண்டு சிவப்புப் புள்ளிகள், பின்னால், வரிசையின் கடைசியில் காவலாக வரும் சாலைப் பணியாளர் வண்டியின் மஞ்சள் விளக்கு. ஒருமுறை காற்று ஓரமாகத் தள்ளியது; சிவப்பு மறைந்தது. பிரேக்கை அழுத்தி மிதிக்காமல் மெல்ல நிறுத்தினார். மஞ்சள் விளக்கும் அவருக்குப் பின்னால் நின்றது. சிவப்பு மறுபடி தெரியும்வரை அது நகரவில்லை.

மறுபக்கத்தில் ஏழையும் எண்ணிவிட்டுத் தடுப்பைத் தூக்கினார்கள். ஆறு வண்டிகள் யெய்லோ பக்கம் விரைந்தன.

ஓட்வார் வண்டியைத் திருப்பி, வந்த வழியே திரும்பிப் போகும் வரிசைக்கான தடுப்பின் முன்னே கொண்டுபோய் நிறுத்தினார். கண்ணாடியை இறக்கினார். காற்று இன்னும் அடங்கவில்லை.

தாடியெல்லாம் பனியாக வந்த அந்தத் தடுப்பின் பணியாளன் டோர்லைஃப், அவரைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றான்.

"இந்த வாரத்துல இது நாலாவது தடவை, ஐயா," என்றான் மெதுவாக. "சரி, சொல்லுங்க. மண்வெட்டி இருக்கா?"