கண்ணாடி உண்டியல்

“தகர உண்டியலுக்குள்ள என்ன இருக்குன்னு யார் கண்டா?” என்று தெருநாய்க் காப்பகத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் கேட்டுவிட்டார். பொருளாளர் கோமளவல்லிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மறுவாரமே கண்ணாடி உண்டியல் ஒன்று செய்து, பழைய உண்டியலின் சில்லறையை அதில் கொட்டி, பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் வைத்து, சாவியைக் கடைக்காரரிடமே கொடுத்தாள். அதைச் சுற்றி எந்நேரமும் கூட்டம் என்று கேள்விப்பட்டுப் பூரித்துப்போய்ப் பார்க்கப் போனாள். ஒரு கண்டக்டர் நூறு ரூபாய்த் தாளைப் போட்டார். கடைக்காரரிடம் சாவி வாங்கித் திறந்து, பத்துப் பத்தாக நூறை எடுத்துக்கொண்டார். “உள்ள சில்லறை இருக்கறது பளிச்சுன்னு தெரியுதேம்மா. புண்ணியமாப் போகும் உங்களுக்கு!” என்றார் அவளிடம். அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் அவள் கணீரென்று அறிக்கை வாசித்தாள்: “பொதுமக்களின் பங்கேற்பு பன்மடங்கு உயர்ந்துள்ளது. உண்டியலில் ஒரு பைசா குறையவில்லை.” “ஏறியிருக்கா?” என்றார் அதே உறுப்பினர். “கண்ணாடிதானே சார், நீங்களே போய்ப் பாத்துக்கலாமே!”