ஒரு வாய் மண்

கூடப்பிறந்த தம்பியையே ஊர் முன்னால் மண்ணைத் தின்று சத்தியம் செய்ய வைக்கப்போகிறாள் என்று தெரிந்ததும், அந்தக் கிராமத்தில் உஸ்தீனாவைத் திட்டாத வாய் இல்லை.

"ஒரு புல்தரைக்காக எவளாவது தம்பியைப் போய் இப்படி நிறுத்துவாளா? நெஞ்சா அது, கல்லா?" என்று கிணற்றடியில் பேசிக்கொண்டார்கள். தம்பி லுக்கியானின் காதிலும் அது விழுந்தது. நல்லதுதான் என்று அவனும் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு நடந்தான்.

ஆற்றங்கரைப் புல்தரையில் பாதியை, புருஷனை இழந்து வந்து நின்ற மகளுக்கென்று எழுதாமல் வாயால் சொல்லிவிட்டுப் போயிருந்தார் அப்பா. எல்லைக்குப் பைன் கட்டை நட்டவரும் அவர்தான். இந்த வருஷம் பனி உருகியபின் போய்ப் பார்த்தால், கட்டை அக்காவின் பக்கம் தாராளமாகத் தள்ளி நின்றது. அவளுக்கு மிஞ்சியது சேறும் கோரையும்தான்.

தள்ளி நட்டவன் லுக்கியான். பனி விழுவதற்கு முன்பே, ஆள் நடமாட்டம் இல்லாத நாளாகப் பார்த்து முடித்த வேலை. அதில் அவனுக்கு உறுத்தலும் இல்லை. தனக்கு மூன்று மாடு, குதிரை வேறு. அவளுக்கு இருப்பது ஒரே மாடு, அதற்கு எதற்கு அவ்வளவு புல் என்பது அவன் நியாயம். அந்த ஒரு மாட்டை நம்பித்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிகிறது என்பதை அவன் யோசிக்கவில்லை. குளிர்காலத்துக்குப் புல் சேர்க்க முடியாவிட்டால் அந்த மாட்டை அறுத்துத் தின்ன வேண்டியதுதான்.

உஸ்தீனா ஊரில் முறையிட்டாள், லுக்கியான் இல்லவே இல்லை என்றான். பாதிரியார், சிலுவையை முத்தமிட்டுச் சத்தியம் செய்யட்டுமே என்றார். ஊர்த் தலைவர் பன்கிராத் ஒப்புக்கொள்ளவில்லை.

"சிலுவை மேல பொய் சொன்னா நீங்க மன்னிப்பு வாங்கிக் குடுத்துருவீங்க சாமி. மண்ணுகிட்டப் பொய் சொன்னா யாரு வாங்கிக் குடுப்பா?"

பாதிரியாரும் தலையாட்டினார். அவரும் அந்த ஊர்க்காரர்தான்.

பக்கத்து ஊர் தராஸ் கதை எல்லோருக்கும் தெரியும். மண்ணைத் தின்று பொய் சொன்னவன். அவன் செத்தபோது எத்தனை தரம் புதைத்தும் பெட்டி மேலே வந்துகொண்டே இருந்ததாம். கடைசியில் சதுப்பில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தார்கள். அவன் பெண்டாட்டிக்கு உட்கார்ந்து அழ ஒரு குழிகூட இல்லை.

லுக்கியான் துறைமுகத்தில் கப்பல் தச்சனாக வேலை பார்த்தவன். ஈரத் தரையில் ஆழமில்லாமல் புதைத்தால் பனியில் தரை உறைந்து இறுகும்போது பெட்டி மேலே வரத்தான் செய்யும் என்பது அவன் கட்சி. மண் என்றால் மண், அவ்வளவுதான்.

குறித்த நாளில் ஊரே புல்தரையில் கூடியது. வழக்குப் போட்டவர்தான் மண்ணை வெட்டிக் கொடுக்க வேண்டும். உஸ்தீனா மண்டியிட்டு, கத்தியால் ஒரு கட்டி வெட்டி, தம்பியின் உள்ளங்கையில் வைத்தாள்.

"வாயில போட்டு முழுங்கிட்டா அப்புறம் பேச்சே கிடையாது. யோசிச்சுக்கோ" என்றார் பன்கிராத்.

லுக்கியான் யோசிக்கவில்லை. குரலில் பிசிறே இல்லை.

"எங்கப்பா நட்ட எடத்துலதான் இந்தக் கட்டை நிக்குது. நான் சொல்றது பொய்யின்னா, ஈரமண் தாயே, என்னை நீ ஏத்துக்காத."

கூட்டத்தில் பாதிப் பேர் தரையைத் தொட்டுக் கும்பிட்டார்கள். உஸ்தீனா மட்டும் தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனும் பார்வையைத் தாழ்த்தாமல் வாயைத் திறந்தான்.

மண் உதட்டில் படும் நேரம், அவள் அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"வேண்டாம். கட்டை சரியான எடத்துலதான் இருக்கு. நான்தான் பொய் சொன்னேன்."

பன்கிராத் முன்னால் வந்தார். அவர் குரலில் கோபத்தைவிட அருவருப்புதான் அதிகம் இருந்தது. தாயை வெட்டிக் கையில் கொடுத்த பிறகு விளையாடுகிறாயா என்றார். தம்பியின் காலடியில் நெற்றி தரையில் பட விழுந்து எழு என்றார்.

அவள் விழுந்து எழுந்தாள். யாரோ பக்கத்தில் காறித் துப்பினார்கள். சின்னக் குழந்தைகளைக்கூட அவள் அருகே நிற்கவிடாமல் இழுத்துக்கொண்டு போனார்கள்.

லுக்கியானுக்குத் தலைகால் புரியவில்லை. புல்தரையும் கிடைத்தது, நல்ல பெயரும் கிடைத்தது. வெற்றி பெற்றவனுக்கு வரும் தாராள மனசு அவனுக்கும் வந்துவிட, வேகமாக நடந்து அக்காவைப் பிடித்தான்.

"ஒரு வண்டிப் புல்லு நானே அனுப்பி வைக்கிறேன்க்கா. நீயா ஊரைக் கூட்டின, நீயா நடுவுல விட்டுட்ட. இப்படிக் கேவலப்படணும்னு என்ன தலையெழுத்து உனக்கு?"

உஸ்தீனா நின்று திரும்பினாள். நெற்றி மண்ணைக்கூட அவள் இன்னும் துடைக்கவில்லை. கண் நிறைந்திருந்தது, ஆனால் அதில் கோபம் இல்லை.

"மண்ணைக் கையில வச்சா உனக்குப் பொய் சொல்ல வாய் வராதுன்னு நம்பித்தான்டா ஊரைக் கூட்டினேன். வந்துருச்சே. புல்லு இல்லேன்னா என் மாடு போகும், அவ்வளவுதான். நாளைக்கு மண்ணு உன்னை ஏத்துக்கலேன்னா, நீ எங்கடா தம்பி போவ?"