மூன்று வட்டங்கள்

ஆஸ்பத்திரித் திரையில் தெரிந்த கருமுட்டைக்குள் மூன்று வட்டங்கள் இருந்தன. ஒரு குழந்தையாவது கிடைக்காதா என்று ஏங்கி வந்த ஜெபராணிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“மூணு இருக்கே டாக்டர்!”

டாக்டர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். “ரெண்டுதாம்மா இருக்கணும். உங்களோடது ஒண்ணு, அவரோடது ஒண்ணு. ஒரு விந்தணு நுழைஞ்சதுமே முட்டை தன்னோட தோலை இறுக்கி மத்ததையெல்லாம் வெளியவே நிறுத்திடும். இது இறுக்குறதுக்குள்ள ரெண்டு நுழைஞ்சிடுச்சு. இது குழந்தையா வளராது, கர்ப்பப்பையில வைக்க முடியாது.”

அவளிடமிருந்து எடுத்துச் சோதனைக்கூடத்தில் கருவூட்டிய முட்டைகளில் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

“இப்ப உயிரோடதானே இருக்கு?”

“இருக்கும்மா.”

ஜெபராணி திரையை விரலால் தொட்டாள். “அதைக் குத்தம் சொல்லாதீங்க டாக்டர். இத்தனை வருஷமா வாசலைத் தொறந்து வச்சுக்கிட்டுக் காத்துக் கெடந்துச்சு. ஆள் வந்த சந்தோஷத்துல கதவைச் சாத்த மறந்துடுச்சு.”

அப்போது வெளியிலிருந்து கதவு தட்டப்பட்டது. “ஜெபா, என்ன சொன்னாங்க? உள்ள வரட்டா?” என்ற அவள் கணவன் செல்வினின் குரலில் அத்தனை ஆவல் இருந்தது.

அவள் ஓடிப்போய்ச் சத்தமில்லாமல் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, கதவில் முதுகைக் கொடுத்து நின்றாள்.