ஹாலில் படுப்பவர்

"பேஷண்ட் யாரும்மா? நீங்களா?"

"நான் இல்லைம்மா, என் வீட்டுக்காரர். கூப்பிட்டா வர்ற ஆளில்லை. டாக்டர்கிட்ட நான் மட்டும் தனியாப் பேசணும்."

அன்றுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த நர்ஸ், என்ன செய்வது என்று டாக்டரைப் பார்த்தாள். அவர் பேனாவை மூட மறந்து உட்கார்ந்திருந்தார்.

"நீங்க கொஞ்சம் வெளியே இருங்க சிஸ்டர்," என்றார் கடைசியில்.

கதவு மூடியது. வெளியே காத்திருந்தபோது வந்தவள் மனசுக்குள் கோத்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் எங்கோ ஓடி ஒளிந்துகொண்டன. மேசைமேல் பிளாஸ்டிக் இதயம் ஒன்று மூடி கழன்று கிடந்தது. அவளுக்குக் கை சும்மா இருக்கவில்லை, எடுத்துப் பொருத்தினாள்.

"சொல்லுங்க," என்றார் டாக்டர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"போன வருஷம் அவருக்கு ஹார்ட் அட்டாக் வந்தது. ஸ்டென்ட் வெச்சாங்க. ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த நாளா ஹால் சோபாலதான் படுக்கறார். கேட்டா, 'என் குறட்டை உன் தூக்கத்தைக் கெடுக்கும்'ங்கறார். முப்பது வருஷமா கெடுக்காத குறட்டை!"

டாக்டர் சிரிக்கவில்லை.

"பேரன் எடுத்த வயசுல இவளுக்கு என்ன கேடுன்னு நினைக்காதீங்க டாக்டர். தொட்டுப் பேசக்கூட மாட்டேங்கறார். சமையலறையில எதிர்ல வந்தா, பஸ்ல யாரோ ஒரு பொம்பளைக்கு வழி விடற மாதிரி ஒதுங்கறார்."

"ஆரம்பத்துலேர்ந்தே இப்படியா?"

அவள் தயங்கினாள். "நடுவுல ஒரு நாள் கிட்ட வந்தார். முடியலை. பரவாயில்லைன்னுதான் சொன்னேன். அந்தப் பரவாயில்லைதான் அவரைக் குத்திடுச்சு போல. அதுக்கப்புறம் ராத்திரி மாத்திரை சாப்பிடறதையே விட்டுட்டார்."

டாக்டர் சட்டென்று நிமிர்ந்தார். "அது எப்படித் தெரியும்?"

"குப்பைக்கூடையை நான்தானே கொட்டறேன்? அதனாலதான் வந்தேன். படுக்கறது எங்கே வேணா படுக்கட்டும் டாக்டர். ஒரு நாள் காலையில எழுந்து வந்து பார்க்கும்போது அந்த சோபால..."



டாக்டர் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். பேச ஆரம்பித்தபோது அவர் குரல் பாடம் ஒப்பிப்பதுபோல் இருந்தது. போகப் போகத்தான் இறங்கி வந்தது.

"மாத்திரையைத் தானா நிறுத்தக் கூடாது. நிஜமான ஆபத்து அதுதான். முடியாமப் போனது மாத்திரையால இருக்கலாம், பயத்தாலயும் இருக்கலாம். ரெண்டுக்கும் வழி இருக்கு. மாத்திரையை மாத்திப் பார்க்கலாம். ஆனா கடையில கேட்டு வீரிய மாத்திரை எதையும் வாங்கிப் போட்டுக்கக் கூடாது. நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில வெச்சுக்கற மாத்திரையோட அது சேர்ந்தா உயிருக்கே உலை."

"சரி, பயத்துக்கு?"

"ரெண்டு மாடி மூச்சு வாங்காம, நெஞ்சு வலிக்காம ஏற முடிஞ்சா, பெண்டாட்டி பக்கத்துல போகப் பயப்படவே வேண்டாம்."

"தினமும் மூணு மாடி ஏறித்தான் வேலைக்குப் போறார். லிஃப்ட்டுல போங்கன்னா கேக்கறதில்லை."

டாக்டர் பேனாவை எடுத்து மூடினார்.

"இதை வர்றவங்க எல்லாருக்கும் சொல்வீங்களா டாக்டர்?"

"சொல்வேன். கேக்கக் கூச்சப்படறவங்களுக்கு நானே எடுத்துச் சொல்வேன்."

"நீங்க சொல்றதை நீங்க நம்பறீங்களா?"



"மத்தவங்களுக்குச் சொல்லும்போது நம்பறேன்," என்றார் டாக்டர் மெதுவாக. கழுத்திலிருந்த ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "இதுக்குப் போய் டோக்கன் வாங்கி, கூட்டத்துல உட்கார்ந்து வரணுமா? நம்ம வீட்டுலயே கேட்டிருக்கலாமே நீ?"

"வீட்டுல என் புருஷன்தானே இருக்கார்?" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "டாக்டர் இங்கதானே உட்கார்ந்திருக்கார்!"